உப்புக்காற்றில் குஞ்சு தங்குமா?

2024 ஜூன் 9, கேள்வி

"அண்ணே, பல்லடத்தில் இருந்து 100 நாட்டுக்கோழிக் குஞ்சு வரவழைத்தேன். எல்லாம் ஒரு நாள் குஞ்சு. மூன்று வாரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. கடலோரத்து உப்புக்காற்றுக்கு வாங்கின குஞ்சு தங்காது, தாய்க்கோழி பின்னால் திரிகிற குஞ்சுதான் தங்கும் என்று ஊரில் சொல்கிறார்கள். சரிதானா? முட்டைக்குப் பாதி, கறிக்குப் பாதி என்று கணக்குப் போட்டு இறங்கினேன். விட்டுவிடலாமா?" (பெரியபட்டினத்து வாசகர்)

ஜூன் 9, இரவு

காற்றில் உப்பு இருந்தால் தகரம் துருப்பிடிக்கும், கம்பிவலை உதிரும், பல்பு ஹோல்டரில் பச்சை பூக்கும். குஞ்சு சாகாது. நான் இருப்பது உச்சிப்புளிக்குத் தெற்கே, கடல் இரைச்சல் கேட்கிற தூரத்தில். ஒரு நாள் குஞ்சை வாங்கி, ஒரு மாதக் குஞ்சாக்கி விற்பதுதான் என் பிழைப்பு. காற்று கொல்லும் என்றால் எப்போதோ வேறு வேலைக்குப் போயிருப்பேன்.

நோய் என்று முடிவுகட்டுமுன் சொல்லுங்கள்: என்ன தண்ணீர் வைத்தீர்கள்? என்ன தீனி? ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்துபோய்ப் பார்த்தீர்களா?

ஜூன் 10

பதில் வந்துவிட்டது. போர் தண்ணீர், "லேசா உவர்ப்புதான், நாங்களே குளிக்கிறோம்". தீனி, ரேஷன் அரிசிக் குருணையோடு கருவாட்டுத்தூள். ராத்திரி எழுந்திருக்கவில்லை.

சரி, கணக்குப் போடுவோம். கம்பெனித் தீனியில் கிலோவுக்கு 3 முதல் 5 கிராம் உப்பு இருக்கும். குஞ்சுக்கு அது போதும். உப்புப் போட்டுக் காயவைத்த கருவாட்டில் 100 கிராமுக்கு 15 கிராம் உப்பு என்று குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கிலோ தீனியில் ஒரு கிலோ தூள் கலந்தால் 150 கிராம் உப்பு. அதாவது தீனி கிலோவுக்கு 15 கிராம், தேவையைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு.

இதற்கு மேல் தண்ணீர். குஞ்சு தின்கிற தீனியின் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும், வெயிலில் இன்னும் கூடுதலாக. உங்கள் போர் தண்ணீர் 3,000 டிடிஎஸ் என்று வைப்போம், நம் கரையில் அது அதிசயமில்லை. அதாவது லிட்டருக்கு 3 கிராம் கரைந்திருக்கிறது. கிலோ தீனிக்கு இரண்டு லிட்டர் என்றால் 6 கிராம். அத்தனையும் சமையல் உப்பல்ல, கொஞ்சம் சுண்ணாம்பும் மற்றதும் உண்டு. ஆனால் கடலோர நிலத்தடி நீரில் பெரும்பங்கு சமையல் உப்புதான். தீனியில் கருவாடே இல்லாவிட்டாலும் தண்ணீர் வழியாக இன்னொரு பங்கு உப்பு உள்ளே போகிறது.

பெரிய கோழி இதைச் சமாளிக்கும். எச்சம் கொஞ்சம் நீராகப் போகும், அவ்வளவுதான். ஒரு வாரக் குஞ்சின் சிறுநீரகம் உப்பை வெளியேற்றத் திணறும். தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராது, எச்சம் நீராகப் போகும், அடிவயிறு நீர்கோத்து வீங்கும், தள்ளாடும், விழும். பார்க்கிறவர்கள் கழிச்சல் என்று சொல்லி மருந்துப் பொடியை வாங்கி அதே உப்புத் தண்ணீரில் கரைத்து வைப்பார்கள்.

ஊர்க்காரர்கள் சொன்னதில் பாதி சரி. உப்புதான் காரணம். காற்றில் வந்ததல்ல, கிண்ணத்தில் வந்தது.

ஜூன் 12

"நாக்கில் வைத்துப் பார்த்தால் போதாதா?" என்று ஒருவர். போதாது. உவர்த் தண்ணீருக்குப் பழகின நாக்கு நமக்கு. வீட்டு ஆர்ஓ மெஷின் பார்க்க வருகிறவரிடம் டிடிஎஸ் மீட்டர் இருக்கும், ஒரு டம்ளரில் முக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். 1,000க்குக் கீழே இருந்தால் யோசிக்கவே வேண்டாம். 1,000க்கும் 3,000க்கும் நடுவில் பெரிய கோழிக்குச் சரி, குஞ்சுக்கு முதல் மூன்று வாரம் நல்ல தண்ணீரைக் கலந்து கொடுங்கள். 3,000க்கு மேல் போனால் குஞ்சுக் கிண்ணத்தில் ஊற்றாதீர்கள். 5,000 தாண்டினால் எந்தக் கோழிக்கும் வேண்டாம்.

நூறு குஞ்சு முதல் வாரத்தில் ஒரு நாளைக்குக் குடிப்பது சில லிட்டர்தான். ஒரு கேன் தண்ணீர் இரண்டு மூன்று நாளைக்கு வரும். குஞ்சுக்கு மினரல் வாட்டரா என்று வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மணலில் ஊற்றுத் தோண்டி எடுக்கிற தண்ணீரும் நல்லது. மழைநீர் உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்பதால் மேலாக அள்ளினால் இனிக்கும். ஆழமாகத் தோண்டினால், அல்லது மோட்டார் வைத்து உறிஞ்சினால், கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும். அகப்பையால் அள்ளுகிற ஆத்தாக்களுக்கு இது தெரியும், மோட்டார் வாங்குகிற பேரன்களுக்குத் தெரிவதில்லை.

ஜூன் 16

தடைக்காலம் முடிந்து போட்டுகள் போயிருக்கின்றன. இனிச் சங்காயம் (வலையில் கலந்து வரும் கழிவு மீன்) மலிவாகக் கிடைக்கும். இங்கே பலரும் கேட்பது அதைத்தான்: "கருவாடு வேண்டாம் என்கிறீர்கள், சங்காயம் போடலாமா?"

கருவாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உப்புக் கருவாடு வேண்டாம் என்றேன். மீன் அளவுக்கு நல்ல புரதம் வேறில்லை, குஞ்சுத் தீனியில் 20 சதவீதம் புரதம் வேண்டும், வெறும் குருணையில் ஏழெட்டுக்கு மேல் வராது. குருணை மட்டும் தின்ற குஞ்சு ஒரு மாதத்தில் இறகு முளைக்காமல் பிச்சைக்காரக் கோலத்தில் நிற்கும். சங்காயத்தை வாங்கி, நல்ல தண்ணீரில் அலசி, உப்பே போடாமல் தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பி, நொறுங்குகிற அளவுக்குக் காயவைத்து இடித்துச் சலியுங்கள். நேரே கடற்கரை மணலில் காயப்போட்டால் மணல்தான் பாதி எடை. பத்து சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். கறிக்கு வெட்டுகிற கோழிக்குக் கடைசி இரண்டு வாரம் மீன் கிடையாது, இல்லாவிட்டால் கோழிக்குழம்பில் மீன் வாடை வரும். முட்டையிலும் வரும்.

மழைக்காலத்தில் இதைச் செய்யாதீர்கள். பூசணம் பிடித்த மீன்தூளுக்குப் பட்டினியே மேல்.

ஜூன் 23

கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, தொடங்கிவிட்டது. இனிச் செப்டம்பர் வரை மணலை வாரி மூஞ்சியில் அடிக்கும். காற்றைப் பற்றி முதலில் அலட்சியமாகப் பேசினது போல இருக்கிறது, அதனால் இதைச் சேர்க்கிறேன்: காற்றின் உப்பு கொல்லாது, காற்றின் வேகம் கொல்லும்.

முதல் வாரம் குஞ்சுக்கு 35 டிகிரி சூடு வேண்டும், அப்புறம் வாரத்துக்கு இரண்டு மூன்று டிகிரி குறைக்கலாம் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். நம்மூரில் பகல் நிழலே 35 இருக்கிறது, பல்பு எதற்கு என்று தோன்றும். பகலில் தேவையில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு 26, 27க்கு இறங்கும், அதோடு தட்டியின் இடுக்கு வழியாகக் கச்சான் சீறும். தெர்மாமீட்டர் 27 காட்டும், காற்று படுகிற குஞ்சுக்கு அது 22. ஒரு மூலையில் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அடியில் இருப்பது மூச்சு முட்டிச் சாகும். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். குஞ்சு மிதித்துக் குஞ்சு சாகும்.

அதனால்தான் தடுப்பு வட்டமாக இருக்கவேண்டும், மூலையே இருக்கக்கூடாது. ஒன்றரை அடி உயர அட்டையோ தகரமோ போதும். தென்மேற்குப் பக்கம் கொட்டகைக்கு வெளியே இரண்டடி தள்ளிப் பனை ஓலைத் தட்டி கட்டுங்கள். கொட்டகையை ஒட்டிக் கட்டினால் உள்ளே காற்றோட்டம் செத்துப்போகும், அம்மோனியா வாடை கண்ணை எரிக்கும். தள்ளிக் கட்டினால் வேகம் மட்டும் உடையும்.

ஜூன் 24

பல்பு. இதை எழுதாமல் விட்டால் நாளைக்குப் பத்துப் பேர் கேட்பீர்கள். கடையில் "60 வாட்டுக்குச் சமம்" என்று எல்இடி கொடுப்பார்கள். வெளிச்சம் சமம், சூடு கிடையாது. குண்டு பல்பு என்று கேட்டு வாங்குங்கள். கிடைக்காத ஊரில் சூட்டுக்கென்றே விற்கிற சிவப்பு இன்ஃப்ராரெட் பல்பு வாங்கலாம், விலை கூட, ஆனால் நிற்கும். குண்டு பல்பென்றால் குஞ்சுக்கு ஒன்று முதல் இரண்டு வாட் கணக்கு. ஒரே பெரிய பல்பைவிட இரண்டு சின்னது மேல், ஒன்று ஃபியூஸ் போனால் இன்னொன்று இருக்கும்.

ஜூலை 2

பரமக்குடியில் இருந்து ஒருவர், "காற்று படுகிற குஞ்சுக்கு 22 என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்கிறார். சரியான கேள்வி. அந்த 22 நான் அளந்ததல்ல, ஒரு பேச்சுக்குச் சொன்னது. அடித்துவிடுங்கள். அளவுகோலே வேறு: குஞ்சு படுத்திருக்கிற விதம். பல்புக்கு அடியில் நெருக்கிக்கொண்டு கீச்சிட்டால் குளிர். பல்பை விட்டுத் தள்ளிப்போய் வாயைத் திறந்து சிறகை விரித்தால் சூடு. எல்லாம் ஒரே பக்கமாகக் கூடினால் எதிர்ப்பக்கத்தில் ஓட்டை இருக்கிறது, போய் அடையுங்கள். இஷ்டத்துக்குப் பரவி, கழுத்தை நீட்டித் தூங்கினால் நீங்களும் போய்த் தூங்கலாம்.

ஜூலை 3

தெர்மாமீட்டர் வாங்கினவர்கள் தூக்கிப் போடவேண்டாம். குஞ்சின் முதுகு உயரத்தில் தொங்கவிடுங்கள். கூரையில் மாட்டினால் கூரையின் காய்ச்சலைத்தான் சொல்லும்.

ஜூலை 14

தடுப்பு மருந்து. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், இந்தத் தொழிலில் ஒரே ராத்திரியில் கொட்டகையைக் காலிசெய்வது வெள்ளைக்கழிச்சல்தான். ராணிக்கேட் என்றும் சொல்வார்கள், வடக்கே உத்தராகண்டில் இருக்கிற மலையூரின் பெயர். வைரஸ். வந்தபின் மருந்து கிடையாது. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து திருகும், ஊரையே காலிசெய்யும்.

ஐந்தாம் நாளில் இருந்து ஏழாம் நாளுக்குள் கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு. எஃப்-1 அல்லது லசோட்டா. பதினாலாம் நாள் வாக்கில் கம்போரோ நோய்க்கு ஒன்று. நாலாம் வாரம் லசோட்டா மறுபடி, இந்தத் தடவை தண்ணீரில். அம்மைக்கு ஆறேழு வாரத்தில். எட்டு வாரத்துக்கு மேல் வெள்ளைக்கழிச்சலுக்கு இறக்கையடியில் ஊசி. மாரெக்ஸ் நோய்க்கானது பொரிப்பகத்திலேயே முதல் நாள் போட்டிருக்கவேண்டும், வாங்கும்போதே கேளுங்கள்.

மருந்தில் இருப்பது உயிரோடு இருக்கிற வைரஸ். சூடு பட்டால் செத்துவிடும், செத்ததைச் சொட்டுவிட்டுப் பிரயோசனமில்லை. ராமநாதபுரத்தில் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் சாயல்குடி போய்ச் சேருமுன் அது வெறும் தண்ணீர். நமக்கு ஒரு வசதி உண்டு: எந்தக் கரையிலும் மீன் பெட்டியும் ஐஸும் கிடைக்கும். சின்னத் தெர்மக்கோல் பெட்டியில் உடைத்த ஐஸ், குப்பியைப் பாலிதீன் பையில் சுற்றி நடுவில். கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடவேண்டும். விடியற்காலையில் செய்யுங்கள்.

தண்ணீரில் கொடுக்கும்போது இன்னொரு கண்ணி. காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயில் வருவதில் குளோரின் இருக்கும், அதுவும் வைரஸைக் கொல்லும். முந்தின ராத்திரியே வாயகன்ற பாத்திரத்தில் பிடித்துத் திறந்து வையுங்கள். காலையில் லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கரைத்து, அப்புறம் மருந்து. அதற்கு முன் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் தண்ணீர்க் கிண்ணங்களை எடுத்துவிடுங்கள், தாகத்தில் எல்லாம் ஓடிவந்து குடிக்கும்.

நோய் கண்ட கொட்டகையில் தடுப்பு மருந்து போடாதீர்கள். தும்முகிற குஞ்சுக்குப் போட்டால் தும்மல் கூடும்.

ஜூலை 15

பால் பவுடருக்குப் பதில் டீக்கடைப் பால் ஊற்றலாமா என்று ஒரு தம்பி. கொழுப்பு இருக்கிறது தம்பி, குழாய் அடைத்துக்கொள்ளும். டீயை நீங்கள் குடித்துவிட்டுக் குஞ்சுக்குப் பவுடர் வாங்குங்கள்.

ஆகஸ்ட் 4

தரை. கேட்டவர் தேவிபட்டினம். "மணல்தான் இயற்கையாகவே கிடக்கிறதே, அதிலேயே விடலாமா?"

உள்நாட்டு மணல் நன்றாகக் காய்ந்திருந்தால் சரிதான். கடற்கரை மணல் வேண்டாம். உப்பு ஒட்டின மணல் ராத்திரி ஈரத்தை இழுத்துக்கொள்ளும், காலையில் தொட்டுப் பாருங்கள், ஜில்லென்று இருக்கும். குஞ்சு அதைக் கொத்தவும் செய்யும். மறுபடி உப்பு.

திருவாடானைப் பக்கத்து ரைஸ் மில்களில் உமி கிடைக்கும். இரண்டு அங்குலம் பரப்புங்கள். கடலை மேல்தோலும் நல்லது. தென்னை நார்க்கழிவு எங்கள் பக்கம் குவிந்து கிடக்கிறது, ஆனால் தண்ணீரைக் குடித்துவிட்டு விடாது, எலும்பு மாதிரி காய்ந்ததென்றால் மட்டும் போடுங்கள். முதல் மூன்று நாள் உமி மேல் காகிதம் விரிக்கவேண்டும், இல்லாவிட்டால் உமியைத் தீனி என்று தின்னும். வழவழப்பான காகிதம் கூடாது. கால் வழுக்கி இரண்டு பக்கமும் விரிந்துபோன குஞ்சு அப்புறம் எழுந்திருக்காது. பழைய சாக்குத் துணி, அட்டையின் வரிவரியான பக்கம், ஏதாவது பிடிமானம் வேண்டும்.

எறும்பு. மணல்காட்டில் இதைச் சொல்ல மறந்தால் குஞ்சு வளர்ப்பே சொன்னதாகாது. தொப்புள் ஆறாத குஞ்சைக் கட்டெறும்பு சும்மா விடாது. தடுப்பைச் சுற்றி அடுப்புச் சாம்பல் வட்டம், தினமும் புதுப்பியுங்கள்.

செப்டம்பர் 8

பெரியபட்டினத்துக்காரர் மறுபடி ஒரு பெட்டி இறக்கியிருக்கிறார். கேன் தண்ணீர், கம்பெனித் தீனி, குண்டு பல்பு. இரண்டு வாரம் ஆகிறது, சாவு விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் என்கிறார். நல்லது. ஆனால் ஒரே நேரத்தில் மூன்றையும் மாற்றிவிட்டார், எது காப்பாற்றியது என்று அவராலும் சொல்லமுடியாது, நானும் தண்ணீர்தான் என்று மார்தட்டமாட்டேன்.

செப்டம்பர் 15

கீழக்கரை லாத்தா கேட்டது: "இடி இடித்தால் அடைமுட்டை கூமுட்டையாகிவிடும், கூடையில் ஆணி போடு என்று மாமியார் சொல்கிறார். உண்மையா?"

எங்கள் அப்பத்தாவும் ஆணி, கரித்துண்டு, மிளகாய் மூன்றும் போடும். இடி முட்டையைக் கெடுக்காது. இடி இடிக்கிற காலத்தில் அடைக்கோழி மிரண்டு எழுந்துபோகும், சாரல் அடிக்கும், முட்டை ஆறும், அதனால் கெடும். ஆணி போடுவதில் நஷ்டமில்லை, மாமியாரிடம் சண்டை வேண்டாம். கூடையை மட்டும் சாரல் படாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

அடைக்கு வைக்கிற முட்டை ஒரு வாரத்துக்கு உட்பட்டதாக இருக்கட்டும், வெயில் காலத்தில் இன்னும் புதிதாக. நாட்டுக்கோழி ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம், நெஞ்சுக்கு அடியில் அடங்காத முட்டை ஆறிப்போகும். ஏழாம் நாள் ராத்திரி செல்போன் டார்ச்சில் பாருங்கள், ரத்த நாளம் கிளைவிட்டுத் தெரிந்தால் கரு இருக்கிறது, வெளிச்சம் வெறுமனே ஊடுருவினால் எடுத்துவிடுங்கள். இருபத்தோராம் நாள் பொரிக்கும். ஓட்டைக் கொத்துகிற குஞ்சுக்கு உதவி செய்கிறேன் என்று நகத்தால் பிய்க்காதீர்கள்.

தாய்க்கோழியை நான் குறைத்துச் சொல்லவில்லை. பல்பு, தெர்மாமீட்டர், ஓலைத்தட்டி அத்தனை வேலையும் அது ஒருத்தியே பார்க்கும். பஞ்சாரத்துக்குள் குஞ்சோடு முதல் பத்து நாள் வைத்துவிட்டால் காக்கை, பருந்து, கீரிக்குத் தப்பும். ஆனால் ஒரு கோழிக்குப் பத்துக் குஞ்சு. நூறு வேண்டுமென்றால் பத்துக் கோழியும் ஒரே நாளில் அடைப்படுத்தால்தான் ஆகும். படுக்காது.

செப்டம்பர் 16

மிளகாய் போட்டால் கூடையில் பூச்சி வராது என்பதற்காகப் போட்டிருக்கலாம். கோழிக்கு அது காரமாகவே இருக்காது. பறவைகளுக்கு மிளகாய்க் காரம் உறைக்காது. முண்டு மிளகாய் காயப்போட்டவர்களைக் கேளுங்கள், களத்தில் நாயை விரட்டுவார்களா கோழியை விரட்டுவார்களா என்று. 2023இல் புவிசார் குறியீடு வாங்கின மிளகாயை எங்கள் பேடுகள் ஓசியில் தின்றிருக்கின்றன. அந்த வாரம் மஞ்சள்கரு நல்ல சிவப்பு. கோழி தின்கிற சிவப்பு கருவில் ஏறும், அது மட்டும் நிஜம்.

அக்டோபர் 6

முதல் கேள்வியில் "முட்டைக்குப் பாதி, கறிக்குப் பாதி" என்று இருந்தது, அதை யாரும் தொடவில்லை, நானும் தொடவில்லை.

ஒரே குஞ்சில் இரண்டையும் எதிர்பார்க்காதீர்கள். சுத்தமான நாட்டுக்கோழி வருடத்துக்கு 60, 80 முட்டை போடும், நடுவில் அடைப்படுக்கும். அந்த முட்டைக்கு நல்ல விலை உண்டு, அதனால் வீட்டளவில் சரி. ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிலையம் உருவாக்கின கிராமப்பிரியா இனம் முட்டைக்கு, புறக்கடையில் விட்டே வருடத்துக்கு 150க்கு மேல் போடும். அதே நிலையத்து வனராஜா எடைக்கு, முட்டையும் நூறைத் தொடும். நாமக்கல் பண்ணைகளில் நிற்கிற வெள்ளைக்கோழி 300 போடும், அதை இங்கே கொண்டுவந்து மேயவிட்டால் முதல் பருந்துக்கு விருந்து. அதற்கு ஓடவும் தெரியாது, ஒளியவும் தெரியாது.

முட்டைக்கோழியில் காசு போவது கண்ணுக்குத் தெரியாத மாதங்களில்தான். முதல் முட்டை வருமுன் ஒரு கோழி ஏழெட்டுக் கிலோ தீனி தின்றிருக்கும், நாட்டுக்கோழியென்றால் ஆறு மாதம் காத்திருக்கவேண்டும். கறிக்கு வளர்க்கிற நாட்டுச்சேவல் நாலு மாதத்தில் ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ வரும். பிராய்லர் ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோவைத் தாண்டும், ஆனால் மே மாத உச்சி வெயிலில் சுருண்டு விழும்.

என் யோசனை, முதல் வருடம் கறி மட்டும். கைக்குக் காசு சீக்கிரம் திரும்பும், தொழிலும் பிடிபடும். பேடுகளில் நல்லதைப் பொறுக்கி நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவே முட்டைக்கு ஆரம்பம். இதில் எனக்கே இரண்டு மனம் உண்டு. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் நாட்டுமுட்டைக்குக் கேட்பு அதிகம், வீடு தேடி வாங்குவார்கள், அங்கே முட்டையில் இறங்கினாலும் தப்பில்லை.

அக்டோபர் 7

"தெருவில் பச்சை, ரோஸ் கலரில் பத்து ரூபாய்க்கு விற்கிறார்களே, அதை வாங்கி வளர்க்கலாமா?" அது முட்டைக்கோழி இனத்துச் சேவல் குஞ்சு. முட்டை போடாது, கறியும் சீக்கிரம் பிடிக்காது, அதனால்தான் பொரிப்பகம் கழித்துவிடுகிறது. பிள்ளைகள் அழுதால் வாங்குங்கள். தொழிலுக்கு வேண்டாம்.

நவம்பர் 22

20ஆம் தேதி ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மண்டபம், உச்சிப்புளி எல்லாம் வெள்ளம். கரண்ட் போனது. குஞ்சு இருக்கிறவர்கள் மட்டும் படியுங்கள்.

கரண்ட் இல்லாவிட்டால் கரி. சீமைக்கருவேலக் கரிக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. மண்பானையில் பாதி சாம்பல், மேலே கனன்ற கரி, மறுபடி மெல்லிசாகச் சாம்பல், துளை போட்ட மண்தட்டால் மூடித் தடுப்பின் நடுவில் வையுங்கள். சுற்றிக் கம்பிவலை, குஞ்சு தொடாதபடி. புகை போனபின்தான் உள்ளே கொண்டுவரவேண்டும். கொட்டகையின் மேல்பக்கம் கட்டாயம் திறந்திருக்கவேண்டும், எல்லாத் தார்ப்பாயையும் இறக்கிவிட்டுக் கரி வைத்தால் அந்தக் காற்றுக்குக் குஞ்சும் தாங்காது, கூடப் படுத்திருக்கிற நீங்களும் தாங்கமாட்டீர்கள்.

கொட்டகையின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கவேண்டும் என்பது வெயிலுக்காகச் சொன்ன விதி, அது சரி. ஆனால் அப்படிக் கட்டினால் திறந்த பக்கங்கள் வடக்கும் தெற்கும். இந்த மழை வடகிழக்கில் இருந்து அடிக்கிறது. வடபக்கத்துக்கு இப்போது தார்ப்பாய், கச்சானில் தென்பக்கத்துக்குத் தட்டி. வருடத்தில் இரண்டு தடவை மாற்றிக் கட்டவேண்டும்.

நனைந்த உமியை இன்றைக்கே அள்ளிப் போடுங்கள். காயட்டும் என்று விட்டால் அடுத்த குறிப்பு உங்களுக்குத்தான்.

டிசம்பர் 1

ரத்தக்கழிச்சல். எதிர்பார்த்தபடியே ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஈர உமியில் காக்சிடியா என்கிற ஒட்டுண்ணியின் முட்டை ஒன்றிரண்டு நாளில் பக்குவப்பட்டுவிடும், குஞ்சு கொத்தித் தின்னும், மூன்று வாரத்தில் இருந்து ஆறு வாரம் வரை உள்ள குஞ்சுக்கு அடி விழும். எச்சத்தில் ரத்தம், சிறகு தொங்கும், கொண்டை வெளுக்கும். ஆம்ப்ரோலியம் கேட்கும், அளவைக் கால்நடை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், குஞ்சின் எடையும் தண்ணீரும் தெரியாமல் நான் எழுதமுடியாது. சல்பா மருந்தை அளவு மீறிக் கொடுத்தால் அதுவே ரத்தக்கசிவை உண்டாக்கும்.

உமியைக் கிளறிவிட்டு, நூறு சதுர அடிக்கு ஒன்றிரண்டு கிலோ நீற்றின சுண்ணாம்புத்தூள் கலந்தால் ஈரம் குறையும். தண்ணீர்க் கிண்ணத்தை உமி மேல் வைக்காமல் செங்கல் மேல் வையுங்கள், பாதி ஈரம் அங்கிருந்துதான் வருகிறது.

டிசம்பர் 3

மருந்துக்கடையில் "எல்லாத்துக்கும் கேட்கும்" என்று கொடுத்த பொடியின் படத்தை ஒருவர் அனுப்பினார். கொலிஸ்டின். உணவுக்கு வளர்க்கிற உயிர்களுக்கு அதைக் கொடுப்பது 2019 ஜூலையில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. மனிதனுக்கு வேறெதுவும் கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கிற மருந்து அது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாக்டீரியா மருந்து வெள்ளைக்கழிச்சலுக்கும் கேட்காது, உப்புக்கும் கேட்காது.

2025 பிப்ரவரி 5

கோழிக்கழிச்சல் (வெள்ளைக்கழிச்சல்தான்) தடுப்பூசி முகாம் இரண்டு வாரம் நடக்கிறது, பிப்ரவரியில் வழக்கமாக வருவதுதான். இலவசம். எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழியை மட்டும் கொண்டுபோங்கள். அங்கே போடுவது வீரியம் கூடின மருந்து, சின்னக் குஞ்சுக்குப் போட்டால் அந்த நோயே வந்துவிடக்கூடும். "இலவசம்தானே, குஞ்சுக்கும் போட்டுவிடுங்கள்" என்று ஊசிக்காரரைக் கட்டாயப்படுத்துகிறவர்களை நேரில் பார்த்தேன்.

பிப்ரவரி 11

பருந்துக்குப் பழைய மீன்வலையை மேலே கட்டலாமா? கட்டலாம், தடித்த நூல் வலையாக இருக்கட்டும், ஆளுயரத்துக்கு மேல் இழுத்துக் கட்டுங்கள். மெல்லிய தங்கூசி (நைலான் நரம்பு) வலை தொங்கினால் குஞ்சின் கால் சிக்கி அறுபடும், தேடிவந்த பாம்பும் சிக்கும், அதை எடுத்துவிட நீங்கள்தான் போகவேண்டும்.

கின்னிக்கோழி வளர்த்தால் பாம்பு வராதாமே என்றும் ஒருவர். பாம்பு வந்தால் கத்தும். பூனை வந்தால் கத்தும், தபால்காரர் வந்தால் கத்தும், யாரும் வராவிட்டாலும் கத்தும்.

பிப்ரவரி 19

போன வருடத்துக் குஞ்சுகளில் சிலருடையது முட்டையிடத் தொடங்கியிருக்கிறது, ஓடு மெல்லிசு என்கிறார்கள். கடற்கரையில் கிளிஞ்சல் கிடக்கிறதே, இடித்துப் போடலாமா என்று கேள்வி. போடலாம், நல்ல சுண்ணாம்புச் சத்து. நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலசி, காயவைத்து, அரிசி அளவுக்கு இடித்துத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டுகிற கோழி வேண்டுகிற அளவு தின்னும். தீனியோடு கலக்காதீர்கள், குஞ்சு இருக்கிற பக்கம் வைக்காதீர்கள். முட்டையிடாத வயதில் இத்தனை சுண்ணாம்பு போனால் சிறுநீரகம் கெடும். முட்டைக்கோழித் தீனியைக் குஞ்சுக்குப் போடக்கூடாது என்பதும் இதனால்தான்.

பவளத் துண்டைப் பொறுக்காதீர்கள். மன்னார் வளைகுடாக் கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் அது வனவிலங்குச் சட்டத்தில் வருகிறது, வனத்துறை பிடிக்கும். கிளிஞ்சலும் பவளமும் பிரித்துத் தெரியாதவர்கள் சுண்ணாம்புக் காளவாசலில் கேளுங்கள், கிளிஞ்சல் மூட்டையாகவே தருவார்கள்.